பகுதியும் முழுமையும்

தீவுப் பகுதியில் வளர்ந்தோர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. நல்ல பாய்மரம், நல்ல பாய், நல்ல சுக்கான் ஆகிய மூன்றையும் மூன்று ஊர்களிலிருந்து வாங்கிப் பூட்டிவிட்டால் மட்டும் நல்ல வள்ளம் ஆகிவிடாது. பாயின் அகலம் வள்ளத்தின் எடைக்கு இசைய வேண்டும். சுக்கான் இரண்டிற்கும் இசைய வேண்டும். இவ்விசைவை முன்கூட்டியே கணிக்கும் கலையே தொகுதிப் பொறியியல். 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடங்களில் வழங்கத் தொடங்கிய பெயர் இது.

பொருள்களைச் செய்து விற்பதிலேயே கண்ணாயிருக்கும் நிறுவனங்களுக்கு இதன் பயனை விளக்குவது எளிதன்று. செய்த பொருளை எண்ணலாம். நேராமற் போன பழுதை எண்ண முடியாது. ஆகவே, நேயர்களே, கண்முன் உள்ள எடுத்துக்காட்டு ஒன்றைக் கொண்டு விளக்குதலே தக்கது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் டீசல் இயந்திரங்களையே நெடுங்காலம் நம்பியிருந்தவை. இவற்றிற்கென இந்திய நன்கொடையில் அமையும் கலப்பு மின் திட்டத்திற்கு 2024 மார்ச்சு மாதத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1,700 கிலோவாற்றுச் சூரிய வலு, 530 கிலோவாற்றுக் காற்று வலு, 2,400 கிலோவாற்று மணி கொள்ளும் மின்கல அடுக்கு, 2,500 கிலோவாற்று டீசல் மாற்றேற்பாடு என்பன அதன் உறுப்புகள்.

சூரியத் தகடு செய்பவரைக் கேட்டால், "மின் போதாதெனில் தகடுகளைக் கூட்டுக" என்பார். ஆனால் வீடுகளில் விளக்கேற்றும் வேளை, கதிரவன் மறையும் வேளையன்றோ? தகடுகளை இருமடங்காக்கினும் இரவு எட்டு மணிக்கு அவை தருவது ஒன்றுமில்லை. மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 600 கிலோவாற்று வேண்டுமெனக் கணக்கிற்காகக் கொள்வோம். காற்றும் ஓய்ந்திருப்பின், நிறைந்த மின்கலங்கள் நான்கு மணித்தியாலத்தில் ஒழிந்துவிடும். அதற்குமுன் டீசல் இயந்திரம் எக்கணத்தில் எழவேண்டும்? உப்புக்காற்று எதனை முதலில் அரிக்கும்? மாற்றுறுப்பு கடல் கடந்து வர எத்தனை நாளாகும்? இவ்வினாக்கள் தனியோர் உறுப்பைச் செய்பவருக்கு உரியன அல்ல. ஆதலின் கேட்பாரின்றிப் போகக்கூடியன.

எனவே நிறுவனத் தலைவர்களிடம் சாத்திரத்தின் பெருமையைப் பேசிப் பயனில்லை. "உங்கள் பொருள் நின்றால் அடுத்த பொருள் யாது செய்யும்?" என்று கேட்பதே நன்று. வரைபடத்தில் கண்ட பிழையைத் திருத்த ஓர் அழிப்பான் போதும். நெடுந்தீவில் கண்ட பிழையைத் திருத்தப் படகும் ஆளும் பல நாள்களும் வேண்டும். அச்செலவை எழுதிக் காட்டினால் கணக்கர்க்கும் விளங்கும்.

பரீட்சைக்குப் படிக்கும் தீவுப் பிள்ளைக்குத் தகட்டின் திறம் தெரியாது. விளக்கு எரிகிறதா என்பதொன்றே தெரியும். தொகுதியின் மதிப்பை அளக்கும் கோலும் அதுவே.