கறிவேப்பிலைக்குமா கடன்?

திருமழிசை பஸ் ஸ்டாப்பில் பக்கத்து வீட்டுத் தம்பி. கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். முகத்தில் கவலை.

"என் ப்ரோக்ராம்ல முக்கால்வாசி, ஊரார் எழுதி இலவசமா வெச்ச லைப்ரரிண்ணே. நாளைக்கு அவங்க கடையைச் சாத்திட்டா என் கதி?"

நியாயமான பயம்! 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்களே, ஞாபகம் இருக்கிறதா? தற்காலிக மார்க்கெட் நம்ம திருமழிசைக்கு வருவதற்குள் காய்கறி விலை எகிறிவிட்டது.

கம்ப்யூட்டர் உலகிலும் அப்படி ஒரு கூத்து நடந்தது. 2016 மார்ச். 'லெஃப்ட்-பேட்' என்று ஒரு குட்டி லைப்ரரி. எழுத்துகளுக்கு இடப்பக்கம் இடம் நிரப்பும் வேலை. மொத்தமே 11 வரி! எழுதியவர் ஒரு பெயர்த் தகராறில் கோபித்துக்கொண்டு, 'என்.பி.எம்.' என்ற பொதுக் கிடங்கிலிருந்து அதைத் தூக்கிவிட்டார். அவ்வளவுதான்... உலகம் முழுக்க ஏகப்பட்ட ப்ராஜெக்ட்டுகள் படுத்துவிட்டன! கிடங்குக்காரர்களே திரும்ப வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

"அப்போ எல்லாத்தையும் நானே எழுதிடவா?"

ஐயோ, வேண்டாம்! பாஸ்வேர்டுக்குப் பூட்டைச் சொந்தமாகத் தயாரித்தால் திருடனுக்குத்தான் தீபாவளி. சொந்தச் சமையலுக்குப் பேர்போன ஸோஹோவே, 2023-ல் வெளியிட்ட 'உலா' ப்ரௌசரை கூகுள் தொடங்கிய குரோமியத்தின் மேல்தான் கட்டியது.

பி.காம்.மில் 'செய்வதா, வாங்குவதா' என்று ஒரு கணக்கு உண்டு. இலவசச் சரக்குக்கும் அது பொருந்தும். விலை பூஜ்யம்தான், பார்த்துக்கொள்ளும் செலவு நம் தலையில்!

ஆகவே தம்பி, 11 வரி வேலையா? நீயே எழுது. பெரிய வேலையா? தயங்காமல் வாங்கு. எந்தப் பதிப்பு என்று குறித்து வை, ஒரு பிரதியை உன்னிடமே வைத்துக்கொள், ஓட்டை இருப்பதாகச் செய்தி வந்தால் உடனே மாற்று.

அரிசிக்கு மண்டிக்குப் போகலாம். கறிவேப்பிலைக்கு? கொல்லையில் ஒரு செடி போதுமே!