இனமும் குடியுரிமையும்: கடல் கடந்த சீனரின் கதை

"நீ எந்த நாட்டைச் சேர்ந்தவள்?" என்று கேட்டால் நம்மில் எவரும் தயங்காமல் விடை கூறிவிடுவோம். ஆனால் உலகில் எத்தனையோ மக்களுக்கு இக்கேள்வி அவ்வளவு எளிதானதன்று. ஏனெனில், இனம் என்பது ஒன்று. குடியுரிமை என்பது மற்றொன்று. இனம் பெற்றோர் வழியே வருவது. மொழி, உணவு, திருநாள், முன்னோர் நினைவு ஆகியவை அதனுள் அடங்கும். குடியுரிமையோ சட்டத்தின் வழியே வருவது. வாக்குரிமையும், பாஸ்போர்ட்டும், அரசின் பாதுகாப்பும் அதனால் கிடைப்பவை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதினால் என்ன துன்பம் விளையும் என்பதைக் கடல் கடந்து வாழும் சீனரின் வரலாறு நமக்கு நன்கு விளக்குகின்றது.

தென்கடலுக்குச் சென்றவர்கள்

தென் சீனாவின் ஃபூச்சியன், குவாங்துங் மாநில மக்கள் பல நூற்றாண்டுகளாகவே வாணிபத்தின் பொருட்டுத் தென்கிழக்கு ஆசியாவுக்குச் சென்று வந்தனர். அப்பகுதியை அவர்கள் 'நன்யாங்', அதாவது தென்கடல் என்று அழைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வறுமையும் உள்நாட்டுப் போரும் வாட்டியபோது இலட்சக்கணக்கானோர் கப்பலேறினர். மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சுமத்திராவின் புகையிலைத் தோட்டங்களிலும் பாடுபட்டனர். சிலர் சிறு கடைகள் வைத்துப் பிழைத்தனர். இவர்களுக்கு முன்பே மலாக்காவிலும் ஜாவாவிலும் குடியேறியோர் உள்ளூர்ப் பெண்களை மணந்து, காலப்போக்கில் மலாய் மொழியையே வீட்டு மொழியாகக் கொண்டனர்.

சீன மொழியில் இவர்களைக் குறிக்க இரு சொற்கள் உள்ளன. 'ஹுவாச்சியாவ்' என்றால் வெளிநாட்டில் தங்கியிருக்கும் சீனக் குடிமகன் என்று பொருள். 'ஹுவாரன்' என்றால் சீன இனத்தவர். அவர் எந்த நாட்டின் குடிமகனாகவும் இருக்கலாம். இன்று தெளிவாக விளங்கும் இந்த வேறுபாடு, அரசாங்கங்களுக்கு விளங்க நெடுங்காலம் பிடித்தது.

ஒரு குழந்தை, இரு நாடுகள்

1909-ஆம் ஆண்டில் சீனப் பேரரசு ஒரு சட்டம் இயற்றியது. தந்தை சீனராயின், பிள்ளை உலகில் எங்குப் பிறந்தாலும் சீனக் குடியே என்றது அச்சட்டம். மறு ஆண்டே, இந்தோனேசியத் தீவுகளை ஆண்ட டச்சுக்காரர்கள், அங்கே குடியிருப்போருக்கு அங்கே பிறந்த பிள்ளைகள் தங்கள் பிரஜைகள் என்று சட்டம் செய்தனர். ஜாவாவில் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு, அது அறியாமலேயே, இரண்டு நாடுகள் உரிமை கொண்டாடின!

இந்தோனேசியா விடுதலை பெற்ற பின்பும் இச்சிக்கல் தொடர்ந்தது. 1955 ஏப்ரலில் பாண்டுங் நகரில் ஆசிய-ஆப்பிரிக்க மாநாடு கூடியபோது, சீனப் பிரதமர் சூ என்லாயும் இந்தோனேசிய வெளிநாட்டு அமைச்சர் சுனார்யோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இரட்டைக் குடியுரிமை உடையோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அது 1960-இல் நடைமுறைக்கு வந்தது. தேர்ந்தெடுக்க இரண்டு ஆண்டுகள் தவணை தரப்பட்டது. ஆனால் அதற்குள், கிராமப்புறங்களில் வெளிநாட்டார் சில்லறை வணிகம் செய்யக்கூடாது என்று 1959-இல் ஆணை பிறந்திருந்தது. பிழைப்பை இழந்து, ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் சீனாவுக்குக் கப்பலேறினர். அவர்களில் பலர் அந்த மண்ணை அதுவரை கண்டதேயில்லை.

1980-இல் சீனாவும் புதிய சட்டம் இயற்றியது. வெளிநாட்டில் குடியேறித் தாமே விரும்பி அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் சீனக் குடியுரிமையை இழப்பார். இரட்டைக் குடியுரிமை கிடையாது என அச்சட்டம் திட்டமாகக் கூறியது.

தேர்ந்தெடுத்த பின்னும் சோதனை

சட்டம் தெளிவாகிவிட்டது. மனிதர் மனம் தெளிந்ததா? அதுதான் இல்லை. இந்தோனேசியாவையே தாய்நாடாகத் தேர்ந்துகொண்டவர்களும் நிம்மதியாக வாழ இயலவில்லை. 1966-இல் சீனப் பள்ளிகள் மூடப்பட்டன. பெயர்களை இந்தோனேசியப் பெயர்களாக மாற்றிக்கொள்ளுமாறு வற்புறுத்தப்பட்டனர். 1967-இல் சீனத் திருநாள்களைப் பொது இடத்தில் கொண்டாடத் தடை வந்தது. குடிமக்கள்தாம் என்பதற்கு ஒரு தனிச் சான்றிதழையும் அவர்கள் காட்ட வேண்டியிருந்தது.

1992-இல் பார்சலோனா ஒலிம்பிக் போட்டியில் பூப்பந்தாட்டத்தில் வென்று, இந்தோனேசியாவுக்கு முதல் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்தவர் யார்? சூசி சுசாந்தி என்னும் இளம்பெண். சீன வம்சத்தவர், கத்தோலிக்கர். நாட்டுக்குப் பெருமை தேடித்தந்த இத்தகைய வீரர் வீராங்கனைகளையும் அந்தச் சான்றிதழ்த் தொல்லை விட்டுவைக்கவில்லை. 1998 மே மாதத்தில் ஜகார்த்தாவில் கலவரம் மூண்டது. சீனரின் கடைகள் எரிக்கப்பட்டன. பெண்கள் சொல்லொணாக் கொடுமைக்கு ஆளாயினர். அதே மாதத்தில்தான் ஹாங்காங்கில் இந்தோனேசிய அணி தாமஸ் கோப்பையை வென்றது. அவ்வணியில் சீன வம்சத்து வீரர்களும் இருந்தனர்!

பின்னர் காலம் மாறியது. 2000-இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் அத்தடையை நீக்கினார். 2003 முதல் சீனப் புத்தாண்டு அங்கே தேசிய விடுமுறை நாள். பிறப்பிலேயே குடிமக்களாயிருந்து, தாமாக வேறு குடியுரிமை ஏற்காத யாவரும் இந்தோனேசிய மண்ணின் மக்களே என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தது.

வேறு வழியில் சென்ற நாடுகளும் உண்டு. சிங்கப்பூரில் நால்வரில் மூவர் சீன இனத்தவர். ஆயினும் அது தன்னைச் சீன நாடு என்று சொல்லிக்கொள்வதில்லை. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் அங்கே ஆட்சிமொழிகள்.

நம் நாட்டில்

பிறரைக் குறைகூறி நாம் நிறுத்திவிடலாகாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் கல்கத்தாவில் சீனர்கள் வாழ்ந்து வருகின்றனர். தச்சு வேலையும், காலணித் தொழிலும், டாங்ரா பகுதியின் தோல் பதனிடும் தொழிலும் அவர்கள் கைவண்ணம். 1962-இல் இந்திய-சீனப் போர் மூண்டபோது, சீன இனத்தவர் என்ற ஒரே காரணத்தால் சுமார் மூவாயிரம் பேர் இராஜஸ்தானத்தின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் இந்தியாவிலேயே பிறந்தவர்கள் இருந்தனர். பள்ளிச் சிறுமியரும் இருந்தனர். சிலர் வீடு திரும்பச் சில ஆண்டுகள் ஆயின. திரும்பியபோது பலருக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை. முகத்தைப் பார்த்து நாட்டை முடிவு செய்ததன் விளைவு இது.

நாம் கற்கும் பாடம்

புனித சின்னப்பரை எண்ணிப் பார்ப்போம். அவர் பெஞ்சமின் குலத்து யூதர். தார்சு நகரில் பிறந்தவர். அதே வேளையில் பிறப்பிலேயே உரோமைக் குடிமகன். தம் குலத்தை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. யெருசலேமில் தம்மைச் சாட்டையால் அடிக்க முற்பட்டபோது, தம் குடியுரிமையை எடுத்துக் கூறவும் அவர் தயங்கவில்லை. அதைக் கேட்ட படைத்தலைவன் அஞ்சினான் என்று அப்போஸ்தலர் பணி நூலில் வாசிக்கிறோம். ஒன்றை ஏற்க மற்றொன்றை மறுக்கவேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பாட்டி சொல்லித் தந்த மொழியும், அடுக்களை மணமும், முன்னோர் வைத்த பெயரும் ஒருவரின் நாட்டுப்பற்றுக்குப் பகையல்ல. "இது என் நாடு" என்று ஒருவர் சொல்லி, அதற்குரிய கடமைகளையும் செய்தால், அச்சொல்லை நம்புவது ஏனையோர் கடமை. நம் வகுப்பிலும் தெருவிலும் வேற்று முகத்தோடு, வேற்று மொழியோடு வருபவர்களை நாம் எப்படி ஏற்கிறோம்? எல்லாரும் ஒரே தந்தையின் மக்கள் என்று நாள்தோறும் செபிக்கும் நாம், அதனை முதலில் நம் பக்கத்து இருக்கையில் மெய்ப்பித்துக் காட்டுவோமாக.