கூண்டில் நிற்கும் பணம்

2003 மே மாதக் கடைசியில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 80ஆம் எண் நெடுஞ்சாலையில் வேகமாகப் போன ஒரு வாடகைக் காரை போலீஸ் நிறுத்தியது. ஓட்டி வந்தவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. பெரிய தொகை ஏதாவது கையில் இருக்கிறதா என்று போலீஸ்காரர் கேட்டார். இல்லை என்றார். காரைச் சோதித்துப் பார்க்கலாமா என்றார். சரி என்றார். உள்ளே இருந்த ஐஸ் பெட்டியில், அலுமினியத் தாளில் சுற்றிய கட்டுகளாக 1,24,700 டாலர் இருந்தது.

போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை. மோப்ப நாய் மட்டும் பணத்தருகே அடையாளம் காட்டியது. குளிர்சாதன லாரி வாங்குவதற்காகத் தெரிந்தவர்கள் சேர்ந்து போட்ட பணம், சிகாகோ போய்ச் சேர்வதற்குள் லாரி விற்றுப்போயிருந்தது, ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன் என்று அவர் பிறகு நீதிமன்றத்தில் சொன்னார். இவ்வளவு ரொக்கம் வைத்திருப்பதே குற்றமோ என்று பயந்துதான் முதலில் இல்லை என்றாராம். அவர் மீது குற்ற வழக்கு போடவில்லை. பணத்தின் மீது போட்டார்கள். ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் 1,24,700 டாலர்’ என்பதுதான் வழக்கின் பெயர். மாவட்ட நீதிமன்றம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் இருவர் அதை மாற்றி, பணம் அரசுக்கே என்று தீர்ப்பளித்தார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு சிவில் பறிமுதல் என்று பெயர். மனிதனைக் குற்றம்சாட்டினால் அரசியல் சட்டம் அவனுக்குப் பல அரண்களைக் கொடுக்கிறது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும், நிரூபிக்கும்வரை அவர் நிரபராதி. காரையோ பணத்தையோ வீட்டையோ குற்றம்சாட்டினால் இந்த அரண்கள் அநேகமாக எல்லாமே விலகிவிடுகின்றன. கூட்டாட்சிச் சட்டப்படி, அந்தப் பொருளுக்குக் குற்றத்தோடு தொடர்பிருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினாலே அரசு ஜெயித்துவிடும். மோப்ப நாயின் அடையாளம் அதற்கு உதவும் சான்று. புழக்கத்தில் இருக்கும் டாலர் நோட்டுகளில் பெரும்பாலானவற்றில் கோகைன் துகள் ஒட்டியிருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியிருக்க, நாய் காட்டியது யாருடைய குற்றத்தை?

கடற்கொள்ளைக் கப்பலையும் கடத்தல் கப்பலையும் பிடிக்க, உரிமையாளர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்த காலத்தில், கப்பலின் மீதே வழக்குப் போடும் பழைய கடல்சார் சட்டத்திலிருந்து வந்தது இது. இதற்குப் புது உயிர் கொடுத்தது 1984ஆம் ஆண்டுச் சட்டம். பறிமுதலில் வரும் பணத்தைப் பொதுக் கருவூலத்துக்கு அனுப்பாமல் காவல் அமைப்புகளே செலவிட அது வழிசெய்தது. மாநில போலீஸ் பிடித்த பணத்தைக் கூட்டாட்சி அமைப்பிடம் ஒப்படைத்தால் அதில் 80 சதவீதம் வரை திரும்பி வரும். பறிக்கிறவரே பங்குதாரரும் ஆகிவிட்டால் அவருடைய சந்தேகம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லவே வேண்டாம். இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற சட்ட உதவி அமைப்பு 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு மாநிலங்களும் கூட்டாட்சி அரசும் பறிமுதல் செய்தது குறைந்தது 6,880 கோடி டாலர். இதில் குற்றவாளிகளின் சொத்தும் உண்டு. எவ்வளவு அப்பாவிகளுடையது என்று பிரித்துச் சொல்லத்தான் வழியில்லை.

டெக்சாஸில் டெனாஹா என்ற சிற்றூர். அந்த வழியாகப் போனவர்களை நிறுத்தி, பணத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் பணமோசடி வழக்கு வரும், குழந்தைகளை அரசுக் காப்பகம் எடுத்துக்கொள்ளும் என்று மிரட்டியதாக 2008இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். 2012இல் அந்த வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. பிலடெல்பியாவில் மகன் 40 டாலருக்கு ஹெராயின் விற்றான் என்பதற்காகப் பெற்றோரை வீட்டைவிட்டே வெளியேற்றினார்கள். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

இந்த விஷயத்தில் நல்ல கட்சி எது, கெட்ட கட்சி எது என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 1984 சட்டத்தில் கையெழுத்திட்டவர் ரீகன். அதன் பறிமுதல் பிரிவுகளை செனட்டில் குடியரசுக் கட்சியின் ஸ்ட்ராம் தர்மண்டோடு சேர்ந்து முன்னெடுத்தவர் ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடன். அதே குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஹென்றி ஹைட்தான் 2000ஆம் ஆண்டு சீர்திருத்தச் சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடினார். ஒபாமாவின் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் 2015 ஜனவரியில் கூட்டாட்சிப் பங்கீட்டைக் கட்டுப்படுத்தினார். டிரம்ப்பின் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் 2017 ஜூலையில் அதைத் திறந்துவிட்டார். ஒரு சுற்றறிக்கையில் கிடைத்த பாதுகாப்பு இன்னொரு சுற்றறிக்கையில் போய்விடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். சட்டமாக வந்தால்தான் நிலைக்கும். அதற்கான ஃபேர் மசோதா 2023இல் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழுவில் 26க்கு 0 என்று நிறைவேறியது. இரு கட்சியினரும் ஒரே குரலில் வாக்களித்த அந்த மசோதாவும் சட்டமாகாமலே அந்த அவையின் காலம் முடிந்தது.

நீதிமன்றங்களும் அரைகுறை நிவாரணமே தந்திருக்கின்றன. இந்தியானாவில் ஒருவர் தந்தையின் ஆயுள் காப்பீட்டுப் பணத்தில் 42,000 டாலருக்கு வாங்கிய லேண்ட் ரோவரை, சிறு அளவில் ஹெராயின் விற்ற குற்றத்துக்காகப் பறித்தார்கள். அந்தக் குற்றத்துக்கு உச்ச அபராதமே 10,000 டாலர்தான். அளவுமீறிய அபராதம் கூடாது என்ற அரசியல் சட்டத் தடை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு அது. ஆனால் 2024 மே மாதம், கல்லி எதிர் மார்ஷல் வழக்கில், பறித்த காரை இடையில் வைத்துக்கொள்ள போலீஸுக்கு உரிமை உண்டா என்று சீக்கிரமே ஒரு தனி விசாரணை நடத்தத் தேவையில்லை என்று 6க்கு 3 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவர், மகன் ஓட்டிப்போன தன் காரை ஓராண்டுக்கு மேல் இழந்திருந்த தாய். வேலைக்குப் போகக் கார் தேவைப்படும் ஊரில் அந்த ஓராண்டே ஒரு தண்டனை.

இனி, சாலையில் நிறுத்தப்பட்டால் என்ன செய்வது என்று பார்ப்போம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போய் அங்கே படிப்பவர்களும் வேலை செய்பவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நாட்டுக்குள் ரொக்கம் வைத்திருப்பதற்கு வரம்பே இல்லை. நாட்டுக்குள் வரும்போதும் வெளியே போகும்போதும் 10,000 டாலருக்கு மேல் இருந்தால் படிவத்தில் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வரம்பைத் தாண்டாமல் இருக்கக் குடும்பத்தில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வைத்துக்கொள்ளாதீர்கள். மறைப்பதற்காகப் பிரிப்பதே தனிக் குற்றம்.

போலீஸ் நிறுத்தினால் ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீட்டு ஆவணங்களைக் காட்ட வேண்டும். சோதனைக்குச் சம்மதம் கேட்டால் மறுக்கலாம். ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று அமைதியாக, கேட்கும்படி சொல்லுங்கள். மறுப்பதை மட்டும் வைத்து உங்களைக் குற்றவாளி ஆக்க முடியாது. மறுத்த பிறகும் சோதித்தால் கையால் தடுக்காதீர்கள், அதை நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம். அபராதச் சீட்டு எழுதி முடித்த பிறகும், சந்தேகத்துக்கு வேறு காரணம் இல்லாமல், நாய் வரும்வரை காத்திருக்க வைக்கக் கூடாது என்று 2015இல் ரோட்ரிகஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ‘நான் போகலாமா?’ என்று கேட்கலாம். எல்லைச் சாவடியிலும் சுங்கச் சோதனையிலும் சோதனைக்கு மறுப்பது செல்லாது.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு. பொய் சொல்ல உரிமை இல்லை. நெப்ராஸ்காவில் அந்த மனிதரை வீழ்த்தியதில் முதலில் சொன்ன அந்த ‘இல்லை’க்கும் பங்குண்டு. பயத்தில் வாயிலிருந்து வரும் பொய்யை அரசு வழக்கறிஞர் பல ஆண்டு கழித்தும் படித்துக் காட்டுவார். மௌனமாக இருந்தால் அப்படிப் படித்துக் காட்ட ஒரு பொய் அவர் கையில் இருக்காது.

சாலையோரத்தில் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ‘பணத்தில் எனக்கு உரிமையில்லை’ என்று எழுதி வாங்கும் பழக்கத்தை டெக்சாஸ் 2011இல் தடைசெய்தது. எல்லா மாநிலங்களிலும் அந்தத் தடை இல்லை. பணத்தை எடுத்தே தீருவார்கள் என்றால் தொகை எழுதிய ரசீது கேளுங்கள், அதிகாரியின் பெயரையும் எந்த அமைப்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகுதான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். கூட்டாட்சி அமைப்பு பணத்தை எடுத்தால் தபாலில் ஒரு நோட்டீஸ் வரும். அதில் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, கருணை மனு போன்ற விண்ணப்பம். பறித்த அமைப்பே அதைப் படித்து முடிவு செய்யும். எளிதாகத் தோன்றுவதால் பலர் அதைத்தான் எழுதுகிறார்கள். இன்னொன்று, உரிமைக் கோரிக்கை. பணம் என்னுடையது என்று சத்தியப் பிரமாணத்தோடு எழுத வேண்டும். வைப்புத்தொகை கட்ட வேண்டாம். அது போய்ச் சேர்ந்தால், அரசு 90 நாட்களுக்குள் நீதிமன்றம் போக வேண்டும், அல்லது திருப்பித் தர வேண்டும். நீதிபதி முன்னால் போக இந்த இரண்டாவது வழிதான் கதவு. நோட்டீஸில் கடைசித் தேதி இருக்கும். அது அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 35 நாட்கள் தள்ளியிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தேதி தவறினால் ஒரு நீதிபதிகூடப் பார்க்காமலே பணம் அரசுடையதாகிவிடும். மாநில போலீஸ் எடுத்திருந்தால் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில இடங்களில் இன்னும் குறைவு.

வழக்கில் வென்றால் வக்கீல் கட்டணத்தை அரசு தர வேண்டும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தோற்கும் நிலை வந்ததும் பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டு, கட்டணத்திலிருந்து அரசு தப்பப் பார்ப்பதும் நடக்கிறது. அதனால்தான் சிறு தொகையை இழந்தவர்களுக்கு வக்கீல் கிடைப்பது கடினம். அவர்களுக்குக் கட்டணம் வாங்காத சட்ட உதவி அமைப்புகளே கதி.

மாற்றம் வராமல் இல்லை. 2015இல் நியூ மெக்சிகோ சிவில் பறிமுதலையே ஒழித்தது. 2016இல் நெப்ராஸ்கா, 2021இல் மெய்ன். அந்த மூன்று மாநிலங்களிலும், குற்ற வழக்கு இல்லாமல் மாநிலச் சட்டத்தின்கீழ் சொத்தைப் பறிக்க முடியாது. 1,24,700 டாலரை எடுத்த அதே நெப்ராஸ்காவில்!

அமெரிக்காவில் உங்கள் பிள்ளையோ தம்பியோ இருந்தால், அடுத்த முறை பேசும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள். சோதனைக்குச் சம்மதிக்காதே. சாலையில் கையெழுத்துப் போடாதே. நோட்டீஸ் வந்த அன்றே அதிலுள்ள கடைசித் தேதியைப் பார்த்து, வக்கீலைக் கூப்பிடு.