முதலில் எது உயிரைப் பறிக்கும்?

விடியற்காலை நான்கு மணி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும் ஓர் இளைஞரைக் கேஷுவாலிட்டிக்குத் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி விசேஷ வீட்டில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள் உடன் வந்தவர்கள். ஒருமுறை வாந்தி எடுத்திருக்கிறார். காய்ச்சல் இல்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் பிடிபடவில்லை. ஓர் ஊசி போட்டு, ட்ரிப்ஸ் ஏற்றி, மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக்கூடிய நோயாளிதான். ஆனால் அனுபவமுள்ள டியூட்டி டாக்டர் இந்த இடத்தில் வயிற்றை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்பார்: “ராத்திரி எங்க படுத்திருந்தீங்க? தரையிலயா, கட்டில்லயா?” அடுத்து, “கண்ணை நல்லாத் திறந்து மேலே பாருங்க.”

இமை பாதியிலேயே நின்றுவிட்டால் டாக்டருக்கு அடிவயிறு கலங்கும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். பல் மிகச் சிறியது. வலி பெரும்பாலும் தெரியாது, வீக்கம் இருக்காது, சில சமயம் கடித்த தடமே கண்ணில் படாது. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனை, கண்ணாடிவிரியன் கடியைக் காட்டிக்கொடுக்கும். கட்டுவிரியன் கடியில் அதுவும் கைவிட்டுவிடும். அதன் விஷம் தாக்குவது நரம்பை. வயிற்று வலியில் தொடங்கி, இமை தொங்கி, எச்சில் விழுங்க முடியாமல் போய், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். அப்போதும் நினைவு தப்பியிருக்காது. சுற்றி நடப்பதெல்லாம் காதில் விழும், விரலைக்கூட அசைக்க முடியாது. விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் நேரத்துக்குக் கிடைத்துவிட்டால், சில நாட்களில் அதே மனிதர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம். அந்த இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விட்டிருந்தால் விடிவதற்குள் போயிருப்பார்.

அவசர சிகிச்சை மருத்துவரின் சிந்தனை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. புறநோயாளிப் பிரிவில் உட்காரும் டாக்டர், இந்த அறிகுறிகளுக்கு எந்த நோய் அதிகம் பொருந்துகிறது என்று யோசிக்கிறார். அதுதான் அங்கே சரியான வழியும்கூட. கேஷுவாலிட்டியில் நிற்பவரோ, இதில் எதைத் தவறவிட்டால் இந்த ஆள் இந்த மணி நேரத்திலேயே செத்துப்போவார் என்று தொடங்குகிறார். நூறு வயிற்று வலிகளில் தொண்ணூற்றெட்டு சாதாரணமாக இருந்தாலும், மிச்ச இரண்டைத் தேடிப் பார்த்து ‘இல்லை’ என்று உறுதி செய்த பிறகே சாதாரணத்துக்கு வருவார்.

நம் ஊரில் இந்தச் சிந்தனைக்கு மிகப் பெரிய எதிரி ‘வாயு’. நெஞ்சு கரிக்கிறதா, வாயு. மேல்வயிறு கனக்கிறதா, வாயு. ஒரு சோடா, கொஞ்சம் ஓமத் தண்ணீர், அப்புறம் தூக்கம். இதயத்தின் கீழ்ப்பகுதிக்குப் போகும் ரத்தம் அடைபட்டால் அது மேல்வயிற்று எரிச்சலாகவே தோன்றக்கூடும். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சு வாங்கலுமாக மாரடைப்பு வருவதுண்டு. அதனால்தான் இப்படி ஒருவர் வாசலுக்குள் நுழைந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் விதி. முதல் இசிஜி சரியாக இருந்தால் அத்துடன் முடிந்துவிடாது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று எடுப்பார்கள். “ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு ஏன் சார் திரும்பத் திரும்ப எடுக்கறீங்க?” என்று உறவினர்கள் சண்டைக்குப் போவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு காட்சி. பெரியவருக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது, பேச்சு குழறுகிறது. வீட்டார் பக்கவாதம் என்று பதறுகிறார்கள். டாக்டர் ஸ்கேனுக்குத் தள்ளும் முன் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பார்க்கச் சொல்வார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, விரதமென்று சாப்பிடாமல் இருந்தவருக்கு சுகர் தாழ்ந்துபோனாலும் பக்கவாதம் போலவே இருக்கும். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினால் சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்து பேசுவார். சுகர் சரியாக இருக்கிறது என்றால் அப்புறம் ஒவ்வொரு நிமிடமும் பொன். அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். “கடைசியா எப்ப நல்லா இருந்தார்?” என்று டாக்டர் விடாமல் கேட்பது அதற்குத்தான். தூங்கி எழும்போதே கை கால் வரவில்லை என்றால், முந்தைய இரவு படுக்கப் போன நேரத்திலிருந்தே கணக்கு ஓடும்.

விபத்துக் காயங்களில் இந்த வரிசைமுறை இன்னும் கறாரானது. மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், மூளை, பிறகே மற்றவை. கால் முறிந்து அலறுகிறவர்மேல் எல்லார் கண்ணும் போகும். ஆனால் அலறுகிறவருக்கு மூச்சுப் பாதை திறந்திருக்கிறது; பக்கத்து ஸ்ட்ரெச்சரில் சத்தமில்லாமல் கிடப்பவரிடம்தான் டாக்டர் முதலில் ஓட வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்து இதயத்தை அழுத்துகிறது என்று தெரிந்தால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்க மாட்டார். நெஞ்சில் ஊசியைக் குத்திக் காற்றை வெளியேற்றுவார்.

இந்த ஒழுங்குக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் துயரம் இருக்கிறது. 1976இல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்து வயல் ஒன்றில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். பிள்ளைகளுக்குப் பலத்த காயம். போய்ச் சேர்ந்த சிறிய மருத்துவமனையில், அடிபட்டவரை எந்த வரிசையில் பார்ப்பது என்ற தெளிவு எவருக்கும் இல்லை. அந்த ஆத்திரத்தை அவர் பயிற்சித் திட்டமாக மாற்றினார். 1978இல் நெப்ராஸ்காவில் தொடங்கிய அந்த வகுப்புதான் இன்று பல நாடுகளில் விபத்து சிகிச்சையின் அடிப்படைப் பாடம்.

யாரை முதலில் பார்ப்பது என்ற கேள்வி அதைவிடப் பழையது. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, அதிகாரியா சிப்பாயா என்று பாராமல் காயத்தின் கடுமையை வைத்தே சிகிச்சை தர வேண்டும் என்றார். இன்று நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பதும் அதே நியாயம்தான். பெரும் விபத்து நடந்து ஒரே நேரத்தில் ஐம்பது பேர் வந்தால் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும். இதயம் நின்றுபோனவரைச் சாதாரண நாளில் நாலு பேர் சூழ்ந்துகொண்டு நெஞ்சை அழுத்துவார்கள். அன்று அவரைக் கடந்து, பிழைக்க வாய்ப்புள்ள அடுத்தவரிடம் போக வேண்டும். மருத்துவத்தில் இதைவிடக் கொடிய முடிவு வேறு கிடையாது என்று நினைக்கிறேன். அதை எடுத்துவிட்டு மறுநாளும் டியூட்டிக்கு வருகிறவர்களை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

இவ்வளவு வேகமாக யோசிக்கும் மனம் சறுக்கவும் செய்யும். கனடாவைச் சேர்ந்த அவசர சிகிச்சை மருத்துவர் பாட் கிராஸ்கெரி இந்தச் சறுக்கல்களைப் பற்றியே ஏராளமாக எழுதியிருக்கிறார். முதலில் தோன்றிய நோயையே பிடித்துக்கொள்வது, ஒரு விடை கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. நமக்குப் பழக்கமான வடிவம்: “குடிச்சிருக்கான் சார், தூங்கி எழுந்தா சரியாயிடுவான்.” வாயில் சாராய நெடி இருப்பதாலேயே மண்டைக்குள் ரத்தம் கசியவில்லை என்று ஆகிவிடாது. ஒருவர் ஒட்டிய அந்தப் பெயர், காலை எட்டு மணிக்கு டியூட்டி மாறும்போது அடுத்த டாக்டருக்கும் கைமாறுகிறது. பொறுப்பேற்றுக்கொள்ளும் டாக்டர் நோயாளியின் கண்பாவையை டார்ச் அடித்து மறுபடி தாமே பார்ப்பதுதான் அந்தச் சங்கிலியை அறுக்கும்.

அவசர மருத்துவம் தனித்துறை என்று இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்றுக்கொண்டதே 2009இல்தான். துறை இளையது, சுமையோ பெரிது. ராத்திரிகளில் பல இடங்களில் அந்தச் சுமை இளம் டாக்டர்களின் தோளில்தான் இருக்கிறது. அவர்களை அடிக்கக் கை ஓங்குகிற கூட்டம், பக்கத்துப் படுக்கையில் நடக்கும் சிகிச்சையையும் சேர்த்துத்தான் நிறுத்துகிறது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. 108ஐ உடனே கூப்பிடுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். தொல்லை தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விஷம் சாப்பிட்டவர் என்றால் கௌரவம் பார்த்து மறைக்காதீர்கள். சில விஷங்கள் முதல் நாள் ஒன்றுமே காட்டாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் இதயத்தை நிறுத்தும். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு வருவதில் நேரத்தை வீணாக்காதீர்கள். சாலையில் அடிபட்டுக் கிடப்பவரை மருத்துவமனையில் சேர்ப்பவர்களுக்கு 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் பாதுகாப்புத் தருகிறது. போலீஸ், கோர்ட் என்று பயந்து விலகிப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. உங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் கூட்டிப் போனார்கள் என்றால், அந்த நிமிடத்தில் அவருடைய உயிர் உங்களுடையதைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது. அவருக்கு வழி விடுங்கள்.