74-ஆ, 83-ஆ? வலுதூக்கும் வீரர்களை வாட்டும் எடைக் கணக்கு

புதுதில்லி: பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 7-ஆம் தேதி காலை, மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தின் எடை 50 கிலோவைவிட 100 கிராம் கூடுதலாக இருந்தது. முந்தைய நாள் மூவரை வென்று இறுதிச் சுற்றுக்கு முன்னேறியிருந்த அவர், விதிப்படி தரவரிசையின் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார். அரையிறுதியில் அவரிடம் தோற்ற கியூபா வீராங்கனை இறுதிப் போட்டியில் ஆடி வெள்ளி வென்றார். விவகாரம் மக்களவை வரை எட்டியது.

நாடெங்கும் பேசப்பட்டதால் அந்த 100 கிராம் வரலாற்றில் இடம் பெற்றுவிட்டது. பேசப்படாத 100 கிராம்கள் ஏராளம். மாவட்ட, மாநில அளவிலான வலுதூக்கும் போட்டிகளில் எடை பார்க்கும் அறைக்கு வெளியே, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் அணிந்து ஓடிக்கொண்டிருக்கும் இளைஞர்களையும், எச்சிலைத் துப்பியபடி அமர்ந்திருக்கும் மாணவிகளையும் காணலாம். முந்தைய நாளிலிருந்து தண்ணீர் குடிக்காதவர்களும் அவர்களில் உண்டு. இன்னும் சற்று நேரத்தில் தங்கள் உடல் எடையைப்போல இரு மடங்குக்கும் மேலான இரும்பைத் தோளில் ஏற்றவேண்டியவர்கள் இவர்கள்.

ஒலிம்பிக்கில் உள்ள பளுதூக்குதலும் வலுதூக்குதலும் வெவ்வேறு விளையாட்டுகள். முன்னதில் கம்பியைத் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். வலுதூக்குதலில் பளுவைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட், பெஞ்சில் மல்லாந்து படுத்து மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் ஆகிய மூன்று பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்புகள். மூன்றிலும் தூக்கிய சிறந்த பளுவின் கூட்டுத்தொகையே முடிவைத் தீர்மானிக்கிறது. கூட்டுத்தொகை சமமாக இருந்தால் உடல் எடை குறைந்தவருக்கே முன்னிடம்.

சர்வதேச வலுதூக்கும் சம்மேளனத்தின் விதிப்படி ஆண்களுக்கு 59, 66, 74, 83, 93, 105, 120 கிலோ, அதற்கும் மேல் என எட்டுப் பிரிவுகள் உள்ளன. பெண்களுக்கு 47, 52, 57, 63, 69, 76, 84 கிலோ, அதற்கும் மேல். இளையோருக்கு மட்டும் ஆண்களில் 53 கிலோ, பெண்களில் 43 கிலோ பிரிவுகள் கூடுதலாக உண்டு.

இரண்டு மணி நேரக் கணக்கு

சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. 78 கிலோ எடையுள்ள ஓர் இளைஞர் எந்தப் பிரிவில் நிற்பது? 83 கிலோ பிரிவில் நின்றால், தம்மைவிட ஐந்து கிலோ கூடுதல் தசையுடன் வருபவர்களை எதிர்கொள்ள வேண்டும். நான்கு கிலோவைக் குறைத்து 74-இல் நின்றால், இயல்பான எடை 74-ஆக உள்ளவர்களைவிடத் தாம் பெரியவர் என்ற நினைப்பு ஏற்படும். காகிதத்தில் இரண்டாவது வழி லாபகரமாகத் தோன்றுகிறது. மேடையில் பெரும்பாலும் அப்படி அமைவதில்லை.

காரணம் நேரம். இச்சம்மேளனத்தின் போட்டிகளில் எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் நடைபெறுகிறது. எடை கூடியிருந்தால் அந்த நேரத்துக்குள் குறைத்துக்கொண்டு மறுபடியும் வரலாம். அதற்குப் பிறகு வாய்ப்பில்லை. கடைசி நாள்களில் வேகமாகக் குறைவது கொழுப்பன்று. பெரும்பாலும் தண்ணீரும், தசைகளில் மாவுச்சத்தாகச் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோஜனும்தான். ஒரு கிராம் கிளைக்கோஜன் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கிறது. அது போனால் எடை மளமளவெனச் சரியும், வலுவும் கூடவே சரியும். முந்தைய நாளே எடை பார்த்துவிடும் வேறு சில அமைப்புகளின் போட்டிகளில், ஓர் இரவு முழுவதும் உண்டு, குடித்து, உறங்கி மீளலாம். இரண்டு மணி நேரத்தில் நான்கு கிலோ தண்ணீரை உடலுக்குள் மீட்க வழியில்லை. வயிறு நிறையும், தசை நிறையாது.

போட்டியில் முதலில் வருவது ஸ்குவாட். நீர் வற்றிய உடலில் தொடைத் தசை இழுத்துக்கொள்வது அங்கேதான். மூன்று முயற்சிகளும் வீணானால் கூட்டுத்தொகைக்கான போட்டியிலிருந்தே வெளியேற வேண்டியதுதான். மாதக்கணக்கான பயிற்சி பத்து நிமிடங்களில் முடிந்துவிடும். ஸ்குவாட்டில் தப்பியவர்களை அடுத்து பெஞ்ச் பிரஸ் சோதிக்கிறது. எடைக் குறைப்பால் அதிகம் பாதிக்கப்படுவது அதுவே என்பது பயிற்சியாளர்களிடையே பரவலாக உள்ள கருத்து.

முதல் போட்டிக்கு வருபவர், அன்று காலை என்ன எடையோ அந்தப் பிரிவிலேயே நிற்க வேண்டும் என்பதில் அனுபவமுள்ள பயிற்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. முதல் போட்டியில் கற்க வேண்டியது மேடையையும் நடுவரின் கட்டளைகளையும்தான். 75 கிலோ உள்ளவர் உப்பையும் சோற்றையும் சில நாள்கள் குறைத்து 74-க்குள் வருவது வேறு. 80 கிலோ உள்ளவர் அதையே முயல்வது வேறு. உயரமும் கணக்கில் வரவேண்டும். ஆறடி உயரமுள்ளவர் 74 கிலோவில் எலும்பும் தோலுமாகவே நிற்பார். அவருடைய இடம் 83-இலோ 93-இலோ இருக்கக்கூடும். அங்கு போய்ச் சேர இரண்டு, மூன்று ஆண்டுகள் சோறும் பயிற்சியும் தேவை. அந்த இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் பலருக்கு வாய்ப்பதில்லை.

காலியிடம் தேடும் கணக்கு

மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான நியமனப் பட்டியலில் வலுதூக்குதலும் உண்டு. தேசியப் பதக்கம் ஒன்று, சாதாரணக் குடும்பத்து இளைஞருக்கு மாதச் சம்பளத்துக்கான நுழைவுச்சீட்டு. எனவே எந்தப் பிரிவில் ஆள் குறைவு, எந்தப் பிரிவில் மாநிலச் சாம்பியன் இல்லை என்று தேடுவது இயல்பாகிவிடுகிறது. ஆள் குறைவாக இருப்பது பெரும்பாலும் மிக இலேசான பிரிவுகளில்தான். பதினேழு வயதில், வளரவேண்டிய உடலை வளரவிடாமல் இறுக்கி வைக்கும் கொடுமை இதனால் நிகழ்கிறது. இதற்கு வீரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

வினேஷ் 50 கிலோவுக்கு இறங்கியதும் இத்தகைய நெருக்கடியில்தான். 2019, 2022 ஆகிய ஆண்டுகளின் உலகச் சாம்பியன் போட்டிகளில் அவர் வெண்கலம் வென்றது 53 கிலோ பிரிவில். பாரிஸுக்கான அந்தப் பிரிவு இடத்தை, அவர் காயத்திலிருந்தபோது 2023-இல் அந்திம் பங்கல் பெற்றுவிட்டார். ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் ஓர் இடமே உண்டு என்பதால், தம் உடலுக்குப் பழக்கமான பிரிவை விட்டு அவர் இறங்க நேர்ந்தது. தில்லி சத்ரசால் மைதானத்தில் பயின்ற அமன் ஷெராவத், அதே பாரிஸில் அரையிறுதிக்குப் பின் ஒரே இரவில் சுமார் நாலரை கிலோ குறைத்து 57 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றபோது நாடே வியந்தது. 2025 செப்டம்பரில் ஜாக்ரெபில் நடைபெற்ற உலகப் போட்டியில், 1.7 கிலோ கூடுதலாக இருந்ததால் அவர் களமிறங்கவே முடியவில்லை. மல்யுத்த சம்மேளனம் விதித்த ஓராண்டுத் தடை பின்னர் நீக்கப்பட்டது. பாரிஸில் பாராட்டப்பட்ட அதே வழக்கம்தான் ஜாக்ரெபில் குற்றமாயிற்று.

இவ்வழக்கத்தின் எல்லை எது என்பதை 1997-இல் அமெரிக்கா கண்டது. எடை குறைக்கும் முயற்சியில் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் உயிரிழந்தனர். அதன் பிறகே வியர்வை வடிக்கும் ரப்பர் உடைகளுக்கு அங்கு தடை வந்தது. எடை பார்க்கும் நேரமும் போட்டிக்கு அருகில் கொண்டுவரப்பட்டது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் உள்ளன என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

மேலே சென்றவர் மல்லேஸ்வரி

எதிர்த் திசையில் சென்று வென்றவர் ஆந்திரத்தின் கர்ணம் மல்லேஸ்வரி. 1994, 1995 ஆண்டுகளில் 54 கிலோ பிரிவில் உலகச் சாம்பியனான அவர், 1998 ஆசிய விளையாட்டில் 63 கிலோ பிரிவில் வெள்ளி பெற்றார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 69 கிலோ பிரிவில் நின்றபோது, இது எடுபடாது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி. அதே போட்டியில் சீன, ஹங்கேரி வீராங்கனைகள் இருவரும் தலா 242.5 கிலோ தூக்கினர். உடல் எடை குறைவு என்பதால் தங்கம் சீனாவுக்குப் போனது.

சரியான பிரிவைத் தேர்ந்துகொண்டாலும், அது நிலைக்கும் என்ற உறுதியில்லை. வலுதூக்குதலில் 75 கிலோ என்றிருந்த பிரிவு 2011-இல் 74 ஆனது. பெண்களின் 72 கிலோ பிரிவு 2021-இல் மறைந்து 69, 76 என இரண்டாயிற்று. பளுதூக்குதலில் மாற்றங்கள் இன்னும் அடிக்கடி. 2022 காமன்வெல்த் விளையாட்டில் மிசோரமின் ஜெரிமி லால்ரின்னுங்கா தங்கம் வென்ற 67 கிலோ பிரிவும், மணிப்பூரின் பிந்தியாராணி தேவி வெள்ளி வென்ற 55 கிலோ பிரிவும் பாரிஸ் ஒலிம்பிக்கில் இல்லை. ஒருவர் 73-க்கும் மற்றவர் 59-க்கும் உடலை ஏற்ற வேண்டியதாயிற்று. இருவருமே பாரிஸ் செல்லவில்லை.

மீராபாய் சானுவின் கதை இதைவிட நீளம். 2017-இல் 48 கிலோவில் உலகச் சாம்பியன். பிரிவுகள் மாறியதால் 49-க்கு ஏறி, டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். பாரிஸில் 199 கிலோ தூக்கி ஒரே கிலோவில் வெண்கலத்தைத் தவறவிட்டார். 2025-இல் பிரிவுகள் மீண்டும் மாற, 31 வயதில் 48-க்கு இறங்கி, நார்வேயில் நடந்த உலகப் போட்டியில் அதே 199 கிலோவுடன் வெள்ளி பெற்றார். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்கு அறிவிக்கப்பட்டுள்ள பெண்கள் பிரிவுகளில் மிகக் குறைந்தது 53 கிலோ.