போலீஸ் மேல் புகாரா? போலீசிடமே போகணும்!

கள்ளக்குறிச்சி,

2024-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வாந்தி, வயிற்று வலி, பார்வை மங்கல் என்று ஒருவர் பின் ஒருவராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்பட்டார்கள். சாராயத்தில் மெத்தனால் என்ற விஷம் கலந்திருந்தது. 65 பேருக்கு மேல் பரிதாபமாக உயிர் இழந்தார்கள்.

கல்வராயன் மலையில் சாராய ஊறலைக் கொட்டி அழித்ததாக அடிக்கடி செய்தி வரும். மலை ஏறிப் பேரல் தேடிய போலீசாருக்கு, போலீஸ் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் பக்கத்துத் தெருவில் நடந்த விற்பனை தெரியாமல் போனது எப்படி?

"இதையெல்லாம் யாருங்க கேக்கிறது?" என்பதுதான் சாதாரண ஜனங்களின் கேள்வி.

சஸ்பெண்டு

மறுநாளே கலெக்டர் மாற்றப்பட்டார். போலீஸ் சூப்பிரண்டும், மதுவிலக்கு போலீசார் பலரும் சஸ்பெண்டு ஆனார்கள். இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது.

சஸ்பெண்டு என்பது தண்டனை இல்லை. சர்க்கார் ஆபீசில் வேலை பார்க்கிற குமாஸ்தாவுக்குக் கூட இது தெரியும். பிழைப்பூதியம் வரும். சார்ஜ் மெமோ, விசாரணை எல்லாம் முடிந்த பிறகுதான் தண்டனை.

ஆனால் அதற்குள் சஸ்பெண்டு உத்தரவு ரத்தாகி விட்டது. சென்னை ஐகோர்ட்டு நீதிபதிகள் டி.கிருஷ்ணகுமார், பி.பி.பாலாஜி ஆகியோர் இதைக் கண்டித்தார்கள். 2024 நவம்பர் 20-ந் தேதி வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றினார்கள். தமிழக அரசின் அப்பீலை சுப்ரீம் கோர்ட்டு டிசம்பரில் தள்ளுபடி செய்தது.

சங்கம் இல்லை

அமெரிக்காவில் போலீஸ் சங்கங்கள் நகர நிர்வாகத்துடன் ஒப்பந்தம் போடுகின்றன. தப்பு செய்தவரை உடனே விசாரிக்க முடியாது, பழைய தண்டனையை ரிக்கார்டில் இருந்து அழித்துவிட வேண்டும் என்றெல்லாம் சில ஒப்பந்தங்களில் ஷரத்து உண்டு. 2020-ல் மினியாபொலிசில் ஜார்ஜ் பிளாய்டு கொல்லப்பட்டபோது இந்த ஒப்பந்தங்கள் சந்தி சிரித்தன.

இங்கே அந்தப் பேச்சே இல்லை. மத்திய அரசின் 1966-ம் ஆண்டு சட்டப்படி, அனுமதி இல்லாமல் போலீசார் தொழிற்சங்கம் வைக்க முடியாது. 1979-ல் பல மாநிலங்களில் போலீசார் கிளர்ச்சி செய்தார்கள். தமிழ்நாட்டிலும் சங்கம் கேட்டுப் போராடினார்கள். இன்று வரை ஒப்பந்தம் கிடையாது.

அப்படியானால் தப்பு செய்கிற போலீஸ்காரர் உடனே மாட்டிக்கொள்ள வேண்டுமே? அங்கேதான் சிக்கல்!

யாரிடம் புகார்?

பொதுமக்கள் புகாரை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் வேண்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆனால் தமிழ்நாட்டின் 2013-ம் ஆண்டு போலீஸ் சீர்திருத்தச் சட்டம் வேறு வழி சொன்னது. மாநில ஆணையத்துக்கு உள்துறை செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், போலீஸ் சூப்பிரண்டு உறுப்பினர்.

கருணாபுரத்து ஆள் ஒருவர், "எங்கள் தெருவில் சாராயம் விற்பதைப் போலீஸ் கண்டுகொள்ளவில்லை" என்று 2024 மே மாதம் இந்தச் சட்டப்படி மனு எழுதியிருந்தால், அது யார் மேஜைக்குப் போயிருக்கும்?

ஜூனில் மாற்றப்பட்ட அதே கலெக்டர், சஸ்பெண்டு ஆன அதே சூப்பிரண்டு!