முகவரி இல்லாமல் முகவரி கேட்பது

கைப்பேசியை வைஃபையில் இணைத்த சில நொடிகளில் அதற்கு 192.168.1.7 போன்ற ஓர் ஐ.பி. முகவரி கிடைத்துவிடுகிறது. அதை வழங்குவது டிஹெச்சிபி என்ற நெறிமுறை. அதற்கு முன் 1985இல் வந்த பூட்பி நெறிமுறையும் முகவரி தந்ததுதான். ஆனால் எந்தக் கணினிக்கு எந்த எண் என்று நிர்வாகி முன்பே பட்டியல் எழுதி வைக்கவேண்டும். புதிதாக வரும் மடிக்கணினிக்கு அதில் இடமிருக்காது. ரால்ஃப் டிராம்ஸ் எழுதி 1993இல் வெளியான டிஹெச்சிபி அந்தக் குறையைத் தீர்த்தது.

முகவரியே இல்லாத கருவி யாரிடம், எப்படிக் கேட்கும்? அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்றும், பெறுநர் இடத்தில் 255.255.255.255 என்றும் போட்டு, அந்த வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி அறிவிக்கிறது. கூடவே தன் வன்பொருளின் 48 பிட் எண்ணையும் சொல்கிறது. முகவரி வழங்கும் சர்வர் மட்டும், 'இந்த எண் காலியாக இருக்கிறது, வேண்டுமா?' என்று பதில் தருகிறது. கருவி சம்மதத்தையும் எல்லோருக்கும் கேட்கும்படியே சொல்கிறது. வேறொரு சர்வரும் எண் தர முன்வந்திருந்தால், அது தன் எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமல்லவா! கடைசியாக உறுதிச்செய்தி வருகிறது.

இதில் என்னை மிகவும் கவர்வது, முகவரி சொந்தமாகத் தரப்படாமல் குத்தகைக்குத் தரப்படுவதுதான். பாதிக் காலம் கழிந்ததும் கருவி அதே சர்வரிடம் நீட்டிப்புக் கேட்கும். பதில் இல்லையென்றால், 87.5 சதவீதக் காலம் போனபின் எந்த சர்வரானாலும் சரி என்று கேட்கும். அப்போதும் கிடைக்காவிட்டால் காலம் முடிந்ததும் எண்ணைக் கைவிட்டாக வேண்டும். பேட்டரி தீர்ந்து அணைந்த கைப்பேசி விடைபெற்றுச் செல்வதில்லை. சொல்லாமல் போனவர்களின் எண்களும் தாமாகத் திரும்பி வரும்படி அமைத்தது எவ்வளவு நல்ல யோசனை! ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் ரயில் நிலையத்தில் சில நூறு எண்களை வைத்தே சமாளிக்க முடிவது குறுகிய குத்தகையால்தான்.

பதில் தருபவர் உண்மையான சர்வர்தானா என்று சோதிக்கும் வழி வழக்கமான டிஹெச்சிபியில் இல்லை. அது பெரிய குறை. அலுவலகங்களில் போலி சர்வரின் பதிலை மறிக்கும் வேலையை, கருவிகளை வலையமைப்பில் இணைக்கும் ஸ்விட்சுகளிடம் விட்டிருக்கிறார்கள்.

ஐ.பி.யின் புதிய பதிப்பான ஐ.பி.வி.6இல் வழங்குபவரே இல்லாமலும் முகவரி பெறலாம். ரவுட்டர் முகவரியின் முதல் 64 பிட்டை அறிவிக்கிறது. மீதி 64 பிட்டைக் கருவியே அமைத்து, வேறு யாரிடமாவது அந்த எண் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு எடுத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் அந்தப் பிற்பாதியை வன்பொருள் எண்ணிலிருந்து உருவாக்கினார்கள். அதனால் ஒருவர் எந்த ஊரில் இணைந்தாலும் அவர் கருவியை அடையாளம் காண முடிந்தது. இப்போது பெரும்பாலான கைப்பேசிகளும் கணினிகளும் வெளியே தொடர்புகொள்ளத் சீரற்ற முறையில் ஓர் எண்ணை உருவாக்கி, அதையும் அவ்வப்போது மாற்றிக்கொள்கின்றன.